புகலிடத்தில் வளர்ந்த கழுகுக் குஞ்சுகள்

கருட சேவையன்று கோபுர வாசலில் காத்து நிற்கும் அடியார்கள், பெருமாள் எழுந்தருளுவதற்கு முன்பே ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்ப்பது வழக்கம். செம்மண் நிற உடலும், வெள்ளை வெளேரென்ற தலையும் மார்பும் கொண்ட பறவை ஒன்று உயரத்தே வட்டமிட்டால் போதும். கைகள் தாமே குவிந்துவிடும். பெரிய திருவடி என்று வைணவ உலகம் போற்றும் கருடாழ்வாரை நினைவூட்டும் அப்பறவையைச் செம்பருந்து என்றும், கிருஷ்ணப் பருந்து என்றும், கருடன் என்றே கூறியும் மக்கள் வணங்கி வருகின்றனர்.

இச்செம்பருந்துக்கு நெருங்கிய உறவுடைய பறவையொன்று பூமியின் மறுபுறத்தில், வட அமெரிக்காவில் வாழ்கின்றது. அதற்கும் தலை வெண்மை. உடல் கருமை கலந்த பழுப்பு. அதுவும் நீர்நிலையை விட்டு அகலாது மீனை நாடி வாழ்வதே. ஆனால் உருவத்தில் பன்மடங்கு பெரியது. விரித்த சிறகின் நீளம் இரண்டு மீட்டர் அளவுக்கு வரும். ஆங்கிலத்தில் அதனை 'மொட்டைக் கழுகு' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். உண்மையில் அதன் தலை மொட்டையன்று. நரைத்த முடிபோல் வெள்ளிறகு போர்த்த தலையாகும். ஆகவே வெண்தலைக் கழுகு என்று கூறுவதே பொருத்தம். 1782-ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்க நாடு இதனைத் தன் முத்திரையில் பொறித்துக்கொண்டது. சட்டப்படி நாட்டின் தேசியப் பறவையாக அறிவித்ததோ 2024 டிசம்பரில்தான். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நாணயத்திலும் கொடிமரத்து உச்சியிலும் வைத்துக் கொண்டாடிய பறவையை, அதே நாடு ஒரு தலைமுறைக்குள் ஏறக்குறைய இழந்துவிடும் நிலைக்கு வந்ததும், பின்னர் ஒரு சதுப்பு நிலத்தில் மறைந்து நின்ற சிலருடைய பொறுமையினால் அது மீளத் தொடங்கியதும் அறியத்தக்க வரலாறாகும்.

நியூயார்க் என்றவுடன் வானளாவிய மாளிகைகளே நம்மவர் மனத்தில் தோன்றும். ஆயினும் அப்பெயர் கொண்ட மாநிலத்தின் உட்பகுதி ஏரிகளும் காடுகளும் நிறைந்தது. விரல்களை நீட்டி வைத்தாற்போல் வரிசையாக அமைந்த நீண்ட ஏரிகளுள் கயூகா என்பது ஒன்று. அந்நிலத்தின் பூர்வ குடிகளுள் ஒரு குலத்தாரின் பெயரே ஏரிக்கு வழங்குகின்றது. அம்மக்களும் அவர்தம் தோழமைக் குலத்தாரும், சமாதான விருட்சம் என்னும் ஒரு பெரும் வெண்பைன் மரத்தைத் தம் ஒற்றுமைக்கு அடையாளமாகக் கொண்டவர்கள். அம்மரத்தின் உச்சியில் ஒரு கழுகு அமர்ந்து, வரும் ஆபத்தை முன்னரே கண்டு எச்சரிக்கும் என்பது அவர்களுடைய மரபு.

கயூகா ஏரியின் வடகோடியில் பரந்த சதுப்பு நிலம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பற் கால்வாய் வெட்டியபோது நீர்மட்டம் தாழ்ந்து, அச்சதுப்பில் பெரும்பகுதி வறண்டு போயிற்று. 1938-ஆம் ஆண்டில் மத்திய அரசு அவ்விடத்தை வனவிலங்குப் புகலிடமாக அறிவித்து, கரைகள் எழுப்பி நீரைத் தேக்கியது. மெக்ஸிகோவின் பழைய மன்னர் ஒருவரின் பெயரால் அது மான்டசூமா புகலிடம் என்று வழங்குகின்றது. தமிழில் இத்தகைய இடங்களைச் சரணாலயம் என்கிறோம். சரண் என்ற சொல்லின் ஆழத்தை இம்மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் சரணம் புகுந்தவரைக் காப்பது என்றால் என்ன வேலை என்பதை அச்சதுப்பு நிலத்தில் கண்கூடாகக் காணலாம்.

இன்று அப்புகலிடத்தின் கரைச்சாலையில் யாத்திரிகரைப்போல் மக்கள் மெதுவாக வண்டியில் சென்று பறவைகளைப் பார்க்கின்றனர். வண்டியை விட்டு இறங்கி நடப்பவரைக் கண்டால் கழுகு கலவரம் அடையும். அசையாமல் நிற்கும் மோட்டார் வண்டியைப் பொருட்படுத்தாது. எனவே வண்டியே மறைவிடம். கூடு கட்டியிருக்கும் மரத்திலிருந்து நடந்து செல்வோர் சுமார் 100 மீட்டராவது விலகியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வனவிலங்குத் துறையின் நெறிமுறை. காண வேண்டும் என்ற ஆசை மிகும்போது அருகே செல்லத் துடிப்பது மனித இயல்பு. அந்தத் துடிப்பை அடக்குவதே அங்கு முதற் பாடம்.

வெண்தலைக் கழுகின் கூடு சிறு குச்சிகளின் குவியலன்று, பெருங்கட்டடம். அதே இணை ஆண்டுதோறும் அதே கூட்டின்மேல் மேலும் மேலும் கிளைகளை அடுக்கும். ஃபுளோரிடா மாநிலத்தில் 1963-ஆம் ஆண்டில் அளக்கப்பட்ட ஒரு கூடு 2.9 மீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமும் உடையதாக இருந்தது. எடை இரண்டு டன்னுக்கு மேல் என மதிப்பிட்டனர். நியூயார்க் பகுதியில் பனி விலகுவதற்கு முன்பே, பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ, ஒன்று முதல் மூன்று முட்டைகள் இடப்படும். ஆணும் பெண்ணும் முறை வைத்துச் சுமார் 35 நாட்கள் அடைகாக்கும். முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. முதலில் வெளிவந்த குஞ்சு ஓரிரு நாள் மூத்ததாகையால் உணவில் முந்திக்கொள்ளும். மீன் வரத்துக் குறைந்த ஆண்டில் இளையது பிழைப்பது அரிது. இயற்கையின் கணக்கில் கருணையைத் தேடுவோர் இவ்விடத்தில் சற்றுத் தடுமாறுவர்.

சாம்பல் நிறத் தூவியுடன் தள்ளாடும் குஞ்சு, தாயின் அலகிலிருந்து கடுகளவு மீன்துணுக்குகளை வாங்கி உண்டு வளரும் வேகம் வியப்பூட்டுவது. மூன்று மாதத்திற்குள் அது பெற்றோரின் பருமனை எட்டிவிடும். அதன் முதற் சிறகுகள் பெற்றோரின் சிறகுகளைவிடச் சற்று நீளமாகவே இருப்பதால், பறக்கும்போது தாயைவிடப் பெரியதாகத் தோன்றுவதும் உண்டு. புதிதாகப் பார்க்க வருவோர் பலர் இதனால் ஏமாறுகின்றனர்.

ஜூன் மாதத்தில் கூட்டைக் கவனிப்போர் காணும் காட்சியே இவற்றுள் சிறந்தது. குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று காற்றுக்கு எதிராகச் சிறகை விரிக்கும். அடிக்கும். மீண்டும் மடக்கும். இவ்வாறு பல நாட்கள். பின்னர் ஒருநாள் காற்று அதனைச் சற்றே தூக்க, கால்கள் கூட்டைவிட்டு ஓரடி எழும்பும். தானே திடுக்கிட்டதுபோல் உடனே அமர்ந்துவிடும். அதன்பின் பக்கத்துக் கிளைக்குத் தாவும். ஒரு குச்சியைப் பற்றித் தூக்கிப் போட்டு மீண்டும் பிடிக்கும்; நகங்களுக்கு அதுவே பயிற்சி. பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில் முதற் பறத்தல் நிகழ்கின்றது. பறப்பது அதற்குப் பெரிய சங்கடமன்று, இறங்குவதே சங்கடம். அமர நினைத்த கிளையைத் தவறவிட்டுத் தரையில் விழும் குஞ்சுகள் பல. அறியாதவர் அடிபட்டதாக எண்ணி எடுக்க ஓடுவர். பெற்றோர் தரைக்கே உணவு கொண்டுவந்து கொடுக்கும். குஞ்சு ஓரிரு நாளில் மீண்டும் எழும். எடுக்கச் சென்றவரின் நல்லெண்ணமே அங்கு தீங்காக முடியும்.

பறந்த பின்னும் சில வாரங்கள் பெற்றோரைச் சுற்றியே இருக்கும். மீன் பிடிக்கும் வித்தையைப் பெற்றோர் அருகிருந்து பாடம் நடத்திக் கற்பிப்பதாக நினைத்தல் பிழை. குஞ்சு தானே பாய்ந்து, தவறி, நனைந்து, மீண்டும் பாய்ந்து கற்கின்றது. முதற் குளிர்காலத்தைக் கடக்காமல் மடியும் இளங்கழுகுகள் மிகப் பல.

வெண்தலை உடனே வருவதன்று. முதலாண்டில் உடல் முழுதும் கரும்பழுப்பு, அலகும் கறுப்பு, கண்ணும் கருமை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வயிற்றிலும் முதுகிலும் வெள்ளைத் திட்டுக்கள் தோன்றும். நான்காம் ஆண்டில் தலை வெளுத்து, கண்ணருகே மட்டும் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும். ஐந்தாம் ஆண்டளவில்தான் தூய வெண்தலையும் மஞ்சள் அலகும் வாய்க்கின்றன. இந்த நிறமாற்றம் அவற்றுக்கு ஒரு காலத்தில் எமனாகவும் இருந்தது. வெண்தலைக் கழுகைக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் 1940-இல் வந்துவிட்டது. பொன்னிறக் கழுகு என்னும் வேறோர் இனத்துக்கு அக்காப்பு இல்லை. இளம் வெண்தலைக் கழுகைப் பொன்னிறக் கழுகென்று எண்ணிச் சுட்டவர் பலர். 1962-இல் இரண்டையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

துப்பாக்கியினும் கொடியதொன்று அதற்குள் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து வயல்களிலும், கொசுவை ஒழிக்கச் சதுப்புகளிலும் தாராளமாகத் தெளிக்கப்பட்டது. மழை அதனை நீருக்குக் கொண்டு சென்றது. நீரின் நுண்ணுயிர்களை உண்ட சிறுமீனிலும், சிறுமீனை உண்ட பெருமீனிலும் நஞ்சு படிப்படியாகத் திரண்டது. பெருமீனை உண்பதோ கழுகு. நஞ்சு கழுகை உடனே கொல்லவில்லை. முட்டையோடு கெட்டிப்படுவதற்கு வேண்டிய சுண்ணச்சத்தைச் சேரவிடாமல் தடுத்தது. தாய் அடைகாக்க அமர்ந்தபோது அவள் உடலின் பாரமே முட்டையை நசுக்கியது.

மகாபாரதத்து ஆதிபர்வம் கூறும் வினதையின் கதையை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலாது. சக்களத்தியான கத்துருவின் முட்டைகள் ஐந்நூறு ஆண்டுகளில் பொரித்து நாகங்கள் வெளிவந்தபோது, தன் முட்டைகள் இரண்டும் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு வினதை பொறுமை இழந்தாள், ஒன்றை உடைத்தாள். மேலுடல் வளர்ந்து, கீழுடல் வளராத அருணன் அதனின்று வெளிப்பட்டான். அவசரத்துக்காகத் தாயைச் சபித்தவன், மற்றோர் முட்டையையேனும் இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் காத்திருந்து காப்பாற்றுமாறு சொல்லிவிட்டுச் சூரியனின் தேரோட்டியாகச் சென்றான். அவள் காத்திருந்தாள், கருடன் பிறந்தான். வினதை முட்டையை உடைத்தது தன் அவசரத்தினால். அமெரிக்கத் தாய்க்கழுகுகள் ஒரு பிழையும் செய்தவையல்ல. அவசரம் மனிதருடையது, உடைந்த முட்டை கழுகினுடையது.

1963-ஆம் ஆண்டில் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க நிலப்பரப்பில் கூடு கட்டும் இணைகள் 417 மட்டுமே எண்ணப்பட்டன. நியூயார்க் மாநிலத்தில் முன்பு எழுபதுக்கு மேற்பட்ட இணைகள் இருந்த இடத்தில், 1960-ஐ ஒட்டி ஹெம்லாக் ஏரிக்கரையில் ஒரே ஒரு கூடே எஞ்சியது. 1972-இல் டி.டி.டி. பயன்பாட்டுக்கு அந்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. நஞ்சு நின்றது, ஆயினும் பறவை இல்லை. தாம் முதன்முதல் பறந்த நிலத்துக்கே திரும்பி வந்து கூடு கட்டுவது இக்கழுகுகளின் இயல்பு. ஒரு மாநிலத்தில் பறக்கப் பழகிய குஞ்சே இல்லையாயின், அங்குத் திரும்பி வரவும் பறவை இராது.

இவ்வியல்பையே கருவியாகக் கொண்டு ஒரு வழி கண்டனர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்னும் பேராசிரியர் வல்லூறு இனத்தை மீட்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவரிடம் பயின்ற டீனா மாரிஸ் என்னும் மாணவி, 1976-ஆம் ஆண்டில் மான்டசூமா சதுப்பில் இரண்டு கழுகுக் குஞ்சுகளுக்குத் தாயாகும் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பாவில் வேட்டைப் பருந்து பழக்குவோர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட பழைய முறையே இதற்கு அடிப்படை. நீரைப் பார்த்த உயர்ந்த மேடையொன்றில் கூண்டும், அதனுள் குச்சிகளாலான கூடும் அமைத்துக் குஞ்சுகளை வைப்பர். மறைப்பின் பின்னாலிருந்து மீனை உள்ளே செலுத்துவர். ஊட்டும் மனிதர் முகம் குஞ்சுகளின் கண்ணில் படலாகாது, குரல் கேட்கலாகாது.

ஏன் இந்தக் கண்டிப்பு? மனிதனைக் கண்டால் உணவு வரும் என்று பழகிய கழுகு, வளர்ந்தபின் வீட்டு முற்றத்தையும் துப்பாக்கி வைத்திருப்பவனையும் நாடிச் செல்லும். இணை தேடும் பருவத்தில் தன் இனத்தை அறியாது குழம்பும். எனவே நாள்தோறும் மீன் சுமந்து மேடையேறியவர், தாம் வளர்த்த உயிரின் கண்ணுக்குக் கடைசிவரை இல்லாதவராகவே இருக்க வேண்டியதாயிற்று. பிள்ளையை வளர்த்தவர் எவருக்கும் இதன் கடுமை எளிதில் விளங்கும். குஞ்சுகள் சிறகு முற்றி மூன்று மாதத்தை எட்டியபோது கூண்டின் முகப்பைத் திறந்துவிட்டனர். பறந்த பின்னும், அவை தாமே இரை தேடிக்கொள்ளும்வரை, மேடையில் மீன் வைப்பதை நிறுத்தவில்லை.

1980 வரை ஐந்து கோடைகளில் 23 இளங்கழுகுகள் மான்டசூமாவிலிருந்து பறந்தன. முயற்சி பலித்ததா என்பதை அறிய, ஐந்தாண்டு நிறமாற்றம் முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1980-ஆம் ஆண்டில் வடக்கே வாட்டர்டவுன் நகரை அடுத்த பகுதியில், அங்கிருந்து பறந்த பறவைகளிலே ஓர் இணை கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. அதன்பின் மாநில அரசின் சுற்றுச்சூழல் துறையில் பணியாற்றிய பீட்டர் நை என்பவரின் தலைமையில் பணி வேறு இடங்களுக்கும் விரிந்தது. 1976 முதல் 1988 வரை மொத்தம் 198 குஞ்சுகள் கொண்டுவரப்பட்டு விடுவிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அலாஸ்காவிலிருந்து வந்தவை. இதிலொரு விசித்திரம் உண்டு. சால்மன் மீனுக்குப் பகை என்று கருதி, 1917 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அலாஸ்காவில் கழுகைக் கொல்வோருக்கு அரசே சன்மானம் அளித்து வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் அவ்வாறு மாண்டன. அந்நிலமே பின்னாளில் பிற மாநிலங்களுக்குப் பிள்ளைக் கொடை அளித்தது.

2007-ஆம் ஆண்டில் வெண்தலைக் கழுகு ஆபத்துக்குள்ளான உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அலாஸ்கா நீங்கலான நிலப்பரப்பில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கழுகுகளும், 71,467 கூடுகளும் இருப்பதாக 2021-இல் வெளியான அரசு மதிப்பீடு கூறுகின்றது. தொல்லை முற்றும் தீர்ந்துவிடவில்லை. வேட்டையில் சுடப்பட்ட மானின் உடலில் தங்கும் ஈயக் குண்டின் துகள்கள், அவ்விறைச்சியை உண்ணும் கழுகுகளை இன்றும் நஞ்சூட்டி வருகின்றன.

மான்டசூமாவிலிருந்து பறந்த 23-இல் ஒன்றின் கதையைத் தனியே கூற வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்த ஓர் ஆண்குஞ்சு 1977-ஆம் ஆண்டில் அங்குக் கொண்டுவரப்பட்டது. ஆகஸ்டில் அதன் காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டப்பட்டது. மேடையில் வளர்ந்து, முகம் அறியாத கைகளின் மீனை உண்டு, அது பறந்து சென்றது. 1981-ஆம் ஆண்டில் ஹெம்லாக் ஏரியில், மாநிலத்தின் கடைசிக் கூடு எஞ்சியிருந்த அதே ஏரியில், அது குடியேறிற்று. அங்குப் பல ஆண்டுகள் குஞ்சுகளுக்குத் தந்தையாயிற்று. பிறந்த மின்னசோட்டாவை அது நாடவில்லை. பறக்கக் கற்ற நிலமே அதற்குத் தாய்நிலம்.

2015-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், ராச்செஸ்டர் நகரை அடுத்த ஹென்ரியெட்டா என்னும் ஊரின் சாலையோரத்தில் ஒரு முதிய கழுகு வாகனம் மோதி இறந்து கிடந்தது. அருகில் ஒரு முயலும் அடிபட்டுக் கிடந்தது. அதனை உண்ண இறங்கியபோது நேர்ந்திருக்க வேண்டும். காலில் இருந்த வளையத்தில் 629-03142 என்ற எண் இருந்தது. பதிவேட்டைப் புரட்டியபோது, வளையமிட்டுப் பதிவு செய்யப்பட்ட வெண்தலைக் கழுகுகள் அனைத்திலும் அதுவரை மிக மூத்தது அதுவே எனத் தெரிந்தது. வயது முப்பத்தெட்டு. அந்த வாரத்தில் ஏரிக்கரைக் கூடுகளில் அவ்வாண்டின் குஞ்சுகள், விளிம்பில் நின்று காற்றுக்கு எதிராகச் சிறகை விரிக்கத் தொடங்கியிருந்தன.